ஒன்றே முக்கால் கோடி மாப்பிள்ளை

அத்தியாயம் பதினொன்று

ஒன்றே முக்கால் கோடி ரூபாயை முத்தலிப் முதன்முதலில் சந்தித்தது ஒரு சஹனுக்கு முன்னால்தான்.

போன வாரம் இந்தப் பக்கத்தைப் பிள்ளைகள் கிழித்துக் கப்பல் விட்டிருந்தால், அவர்களை மன்னித்து இதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். முத்தலிப்பின் மகள் ஸம்றாவைப் பெண் கேட்டு, சாய்ந்தமருது வீட்டுக்கு றஊப் வந்திருந்தார். மாப்பிள்ளை அப்ராஸுக்குத் தாய்மாமன். முத்தலிப்பைக் 'காக்கா' என்று அண்ணன் முறை வைத்து அழைப்பவர். நாலு பேர் சுற்றியிருந்து ஒரே சஹனில் சாப்பிடும்போது, வலது கை சோற்றில் இருக்க, இடது கைப் பெருவிரலால் தொலைபேசியைத் தட்டி, மருமகனின் லண்டன் சம்பளத்தை அவர் பெருக்கினார்.

மணித்தியாலத்துக்குப் பன்னிரண்டு பவுண்ட். ஒரு நாளைக்குப் பத்து மணித்தியாலம். ("அங்க வெயிலில்ல காக்கா, வேர்க்காது. பத்து மணித்தியாலமெல்லாம் ஒரு வேலயா?") வருடத்துக்கு முன்னூற்று அறுபத்தைந்து நாள். பவுண்டுக்கு நானூறு ரூபாய்.

பெருவிரல் நின்ற இடத்தில் ஒன்றே முக்கால் கோடி நின்றது. சஹனின் நடுவில் கிடந்த கோழிக்காலை முத்தலிப் மரியாதையாக றஊப்பின் பக்கம் தள்ளிவிட்டார்.

"ஒண்டே முக்கால் கோடிக்காரன் ஒரு தட்டு வீட்டில படுக்கலாமா காக்கா? மேல ஒரு மாடி போட்டுத் தாங்க" என்றார் றஊப், காலைக் கடித்துக்கொண்டே.

பெண்ணுக்கு வீடு கொடுப்பது ஊர் வழக்கம். பதினொரு மாரிப் போகங்களின் நெல்லை விற்று முத்தலிப் அந்த ஒரு தட்டைக் கட்டி முடித்திருந்தார். இனி மேல்தட்டுக்கு விற்க அவரிடம் மிஞ்சியிருந்தது அந்த நெல் விளைந்த பூமிதான். மாவடிப்பள்ளியில் மூன்று ஏக்கர்.

முத்தலிப் தலையாட்டினார். அன்று ஆட்டியது கோழிக்காலுக்கா மாடிக்கா என்று அவருக்கே இன்றுவரை தெளிவில்லை.

இன்று சனிக்கிழமை. அஸர் தொழுகை முடிந்ததும் றஊப் கடுத்தத்துக்கு, அதாவது கல்யாணப் பதிவுக்கு, நாள் குறிக்க வருகிறார். ஐந்து மணிக்கு, அக்கரைப்பற்று அரிசி ஆலைக்காரர் பதியுதீன் ஹாஜியார் வயலுக்கு முற்பணம் கொண்டு வருகிறார். இரண்டு பேருக்கும் சேர்த்து ஆயிஷா உம்மா ஒரே வட்டிலப்பம் அவிக்கப் போகிறார்.

வீட்டுக்காரர் மட்டும் காலையிலேயே காணாமல் போயிருந்தார்.

•

வயல் பழுத்து நின்றது. இன்னும் பத்து நாளில் வெட்டலாம். வரம்பில் குந்தியிருந்த முத்தலிப், ஒரு கதிரைப் பிடித்து மணியை எண்ணத் தொடங்கி, நாற்பதில் விட்டுவிட்டார்.

"என்ன காக்கா, விடியக்காத்தால பூமியப் பாத்துக் கண் கலங்குறீங்க?"

பக்கத்து வயல் வேலப்போடி. காரைதீவுக்காரர். இருவருக்கும் இடையில் இருபத்தெட்டு வருடமாக ஒரு வரம்பும், அந்த வரம்பு யார் பக்கம் சாய்கிறது என்ற வழக்கும் இருந்தன.

"கண்ணுக்குள்ள பூச்சி உழுந்திட்டு போடியார்."

"ரெண்டு கண்ணுக்குள்ளயுமா?"

வேலப்போடி மண்வெட்டியை வரம்பில் சாய்த்துவிட்டுப் பக்கத்தில் குந்தினார்.

"மருமகனுக்கு வருசம் ரெண்டு கோடியாமே. எங்கட சந்தியில கதைக்கிறாங்க."

"ஒண்டே முக்கால்."

"ஓ. காரைதீவுக்கு வாறதுக்குள்ள கால் கோடி கூடிட்டுது. திருக்கோயிலுக்குப் போனா மூணாகும்." அவர் ஒரு கதிரை ஒடித்துப் பல்லில் வைத்தார். "அது சரி, அந்தக் காசு வெட்ட முந்தியா, வெட்டினாப்பிறகா?"

"என்ன கேக்கிறீங்க?"

"இந்தா, உங்கட மூணு ஏக்கரும் நிக்கிது. எத்தின மூட எண்டு கேட்டா என்ன சொல்லுவீங்க?"

"தொண்ணூறு, நூறு வரும்."

"வெட்டு மெசினுக்குக் குடுத்து, பசளைக்குக் குடுத்து, தண்ணி திறக்கிற வட்டவிதானைக்கு அளந்து, உங்கட ஸகாத்துக்கும் ஒதுக்கிப்போட்டு வீட்ட போறது?"

"நாப்பது போனா அல்ஹம்துலில்லாஹ்."

"அதத்தான் கேட்டன். லண்டன் சம்பளம் நிக்கிற நெல்லா, வீட்ட போற நெல்லா?"

முத்தலிப் நின்ற நெல்லைப் பார்த்தார். நிற்கிற நெல்லை வைத்து உடுக்க ஒரு சாரம்கூட வாங்கத் துணியாத மனுசன், நிற்கிற சம்பளத்தை வைத்து வயலையே விற்க வந்திருக்கிறார். முப்பது வருட வேளாண்மை ஒரு கோழிக்காலோடு போய்விட்டது.

"வித்திட்டுப் போனீங்க எண்டா இந்த வரம்பு வழக்க நான் ஆரோட கதைக்கிற?" என்றார் வேலப்போடி. வேறு பக்கம் பார்த்துக்கொண்டுதான் சொன்னார்.

•

வீட்டுக்கு வந்தபோது குசினியில் தாயும் மகளும் ஒருவரையொருவர் பாராமல் ஒரே தேங்காயைத் துருவிக்கொண்டிருந்தார்கள். சண்டை ஒரு சுற்று முடிந்துவிட்டது என்பது அதன் பொருள்.

ஸம்றாவுக்கு இருபத்தாறு வயது. கல்முனையில் ஒரு தையல் தொழிற்சாலையின் அலுவலகத்தில் சம்பளப் பட்டியல் போடுகிறாள். மணித்தியாலக் கூலிக்குத் தைக்கும் நூற்றுப் பத்துப் பெண்கள் மாதக் கடைசியில் அவளுடைய மேசைக்கு வந்து, "மகள், நான் பெருக்கிப் பாத்தா இதவிடக் கூட வருதே" என்று சம்பளத் துண்டை நீட்டுவார்கள். சேமலாப நிதிக்கு நூற்றுக்கு எட்டு, வராத நாள், பிந்தி வந்த அரை மணித்தியாலம் என்று ஒவ்வொன்றாக அவள் காட்டுவாள். பெருக்கலுக்கும் பைக்கும் நடுவில் உள்ள பள்ளத்தைப் பார்ப்பதுதான் அவளுடைய தொழில்.

"வாப்பா, வயல விக்கப் போறீங்களா?"

"மாடி கேக்கிறாங்களே மகள்."

"மாடியில ஆரு இரிக்கப் போற? மாப்பிள்ள லண்டனில. நான் கீழ. மேல காகம்தான் இரிக்கும்."

"வாய அடக்கு புள்ள" என்றார் ஆயிஷா உம்மா. "ரெண்டு சம்பந்தம் போயிட்டு. இது மூணாவது. காகமோ மைனாவோ, கட்டிக் குடுத்திட்டுப் போவம்."

முத்தலிப் ஒரு பலகையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "அப்ப, இது வேணாம் எண்டு சொல்லிருவமா?"

துருவல் சத்தம் நின்றது.

"நான் மாடியத்தான் வேணாமெண்ட" என்றாள் ஸம்றா. குரல் திடீரென்று தணிந்திருந்தது. "மாப்பிள்ளைய ஒண்டும் சொல்லல்ல."

ஆயிஷா உம்மா கணவனைப் பார்த்தார். கணவன் தேங்காயைப் பார்த்தார். மூன்று நாளுக்கு முன்னர் அப்ராஸ் ஒரே ஒரு தடவை வீடியோவில் கதைத்திருந்தான். பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாம் அவளுக்குச் சமைக்கத் தெரியுமா என்று கேட்டிருந்தார்கள். அவன் மட்டும், "நாள் முழுக்க இலக்கம் பாக்கிறது. கண்ணு நோகாதா?" என்று கேட்டான். அத்தோடு லைன் அறுந்துவிட்டது. ஸம்றாவுக்கு அது போதுமாக இருந்தது.

"கணக்குப் பிழை எண்டு நாம சொன்னா, வீடு குடுக்க வக்கில்லாம சாட்டுச் சொல்லுறாங்க எண்டு போயிருவாங்க" என்றாள். "பெருக்கினவங்களே கழிக்கோணும் வாப்பா."

"அவங்க ஏன் கழிக்கிற?"

"கழிக்க வைக்கன். மாப்பிள்ள பொண்ணுக்குக் குடுக்கிற மஹர் என்ட உரிமை. இண்டைக்கு நானே கேக்கன். நீங்க 'மகள்ட விருப்பம்' எண்டு ரெண்டு சொல்லுச் சொன்னாப் போதும். அதுக்கு மேல ஒண்டும் வேணாம். முக்கியமா, தலையாட்டாதீங்க."

"சரி" என்று முத்தலிப் தலையாட்டினார்.

•

றஊப் வந்தபோது கையில் ஒரு தடித்த புத்தகம் இருந்தது. ஓதுகிற கிதாபாக்கும் என்று ஆயிஷா உம்மா எழுந்து நின்று வரவேற்றார். அது டைல்ஸ் மாதிரிகளின் படப்புத்தகம். றஊப்புக்குக் கல்முனை பஸார் பக்கம் டைல்ஸ் கடை இருப்பதையும், மேல்தட்டு என்றால் எண்ணூறு சதுர அடித் தரை என்பதையும் முத்தலிப் இந்த நிமிடம்தான் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்.

பின்னால் மாப்பிள்ளையின் தாய் றுக்ஸானா வந்தார். மெலிந்த பெண். கதிரையின் நுனியில்தான் உட்கார்ந்தார்.

"கடுத்தத்த வாற மாசம் பதினைஞ்சில வைப்பம் காக்கா. மாடிக்குக் கல்லு எப்ப இறக்குறீங்க?"

முத்தலிப் நாடியைக் கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டார். தலை அசைந்துவிடக் கூடாதே.

"மஹரும் ஒண்டு கதைக்கோணுமே மாமா."

குரல் அறைத் திரைக்குப் பின்னாலிருந்து வந்தது. றுக்ஸானா நிமிர்ந்தார். கல்யாணப் பேச்சில் பெண்ணின் குரல் கேட்பது இந்த ஊரில் பல்லி விழுந்த மாதிரி. என்ன பலன் என்று யாருக்கும் உடனே தெரியாது.

றஊப் சிரித்தார். "அதுக்கென்ன மகள்! பத்தாயிரத்தி ஒண்டு எண்டு எழுதுவம். இல்ல, இருவத்தையாயிரம். எங்களுக்கென்ன குறைவு?"

"மகள்ட விருப்பம்" என்றார் முத்தலிப். வாழ்க்கையில் எந்த வசனத்தையும் அவர் இவ்வளவு ஒத்திகை பார்த்ததில்லை.

"மாப்பிள்ளைட வருசச் சம்பளத்தில சரிபாதி."

வட்டிலப்பத்துக்குப் போன றஊப்பின் கரண்டி பாதி வழியில் நின்றது.

"நீங்க சொன்ன ஒண்டே முக்கால் கோடியில பாதி. எண்பத்தியேழு லட்சத்தி அறுபதாயிரம்" என்றது திரை. "அந்தச் சல்லியில மாடிய நானே கட்டுறன். டைல்ஸும் ஒங்கட கடையிலயே எடுக்கன். வாப்பாட வயலும் நிக்கும், ஒங்கட மாடியும் நிக்கும்."

"இது என்ன கூத்து! பாதிய மஹராக் குடுத்தா மாப்பிள்ள என்னத்தத் தின்னுற?"

"மத்தப் பாதிய. அதுவும் எண்பத்தியேழு லட்சம்தானே மாமா. காலைக்கும் புரியாணி தின்னலாம்."

"அது... அவ்வளவும் கைக்கு வாற இல்ல மகள்."

"அப்பிடியா? என்னென்ன போகும்?"

திரை விலகியது. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஸம்றா வந்து, தாயின் பக்கத்தில் உட்கார்ந்தாள். மடியில் ஒரு தாள், கையில் பேனை. முகத்தில் மாதக் கடைசி.

றஊப் முதலில் தயங்கினார். ஆனால் எண்பத்தேழு லட்சம் கழுத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறதே! "முதலாவது, சனி ஞாயிறு வேல இல்ல" என்றார்.

"நல்லது. கிழமைக்கு அஞ்சு நாள்."

"சாப்பாட்டு நேரத்துக்குச் சல்லி குடுக்க மாட்டாங்க."

"அப்ப பத்து மணித்தியாலம் எவ்வளவாகும்?"

றஊப் ஒன்பது என்று சொல்ல வாயெடுத்தார். "ஏழரை" என்றார் றுக்ஸானா. இன்று அவர் பேசிய முதல் சொல் அது. "ஏழரைதான் எண்டு மகன் சொன்ன."

தம்பி அக்காவை முறைத்தார். அக்கா வட்டிலப்பத்தைப் பார்த்துக்கொண்டே ஆயிஷா உம்மாவிடம் மேலே சொன்னார். "கிழமைக்கு நானூத்தி அம்பது எண்டு எழுதுவாங்களாம். வரியும் காப்புறுதியும் புடிச்சிட்டு முந்நூத்தித் தொண்ணூறுதான் பேங்குக்கு வாற. லண்டன் எண்டாலும் லண்டன் டவுன் இல்ல ராத்தா. அங்கயிருந்து மூணு மணித்தியாலம் பஸ்ஸில போகோணுமாம். வயசாளிகளப் பாக்கிற வீடு. குளிப்பாட்டி, உடுப்பு மாத்தி... வீட்டில ஒரு கோப்ப கழுவாத புள்ள."

"வாடகை?" என்றாள் ஸம்றா. குரலில் கூர் சற்று மழுங்கியிருந்தது.

"அறை வாடகை இரிக்கி!" றஊப் மறுபடி உள்ளே புகுந்தார். கழிப்பதிலும் அவர் கெட்டிக்காரர்தான். "சாப்பாடு. பஸ். குளிருக்கு ஹீற்றர், அத மறந்திராதீங்க. பொறகு போன். ஒரு சப்பாத்து அங்க என்ன விலை தெரியுமா மகள்?"

"சப்பாத்தும் போடுவம் மாமா. எல்லாமாக் கிழமைக்கு?"

"இருநூத்தி முப்பது குறையாது!" என்றார் றஊப் வெற்றியோடு. கோடியைத் தானே கொன்றுகொண்டிருப்பது அவருக்கு இன்னும் உறைக்கவில்லை.

"ஊட்டுக்கு அனுப்புறது?"

றுக்ஸானாதான் சொன்னார்.

"மாசம் ஒரு லட்சம் எனக்கு அனுப்புற. றினோஸாக்கு வீடு கட்டோணுமே, தங்கச்சிக்கு அவன்தானே கட்டோணும். அதுக்கும் இன்னும் கூரை போகல்ல ராத்தா." முந்தானையால் மூக்கைத் துடைத்தார். "குமர வச்சுக்கொண்டு இன்னொரு குமருட வாப்பாக்கிட்ட நான் மாடி கேப்பனா? அல்லாட மேல ஆணை, நான் கேக்கல்ல."

றஊப் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார். அது சரியாகத்தான் சுற்றிக்கொண்டிருந்தது.

ஆயிஷா உம்மா வட்டிலப்பத்தில் முந்திரி கூடக் கிடந்த துண்டாகப் பார்த்து வெட்டி, றுக்ஸானாவின் தட்டில் வைத்தார்.

ஸம்றாவின் பேனை ஓடி முடிந்தது. "கைக்கு முந்நூத்தித் தொண்ணூறு. செலவு இருநூத்தி முப்பது. கிழமைக்கு மிச்சம் நூத்தி அறுபது. வருசத்துக்கு எங்கட சல்லியில முப்பத்தி மூணு லட்சம் சொச்சம். றினோஸாட வீட்டுக்குப் பன்னிரண்டு லட்சம் போனா இருவத்தியொண்டு சொச்சம். அதப் பன்னிரண்டு மாசத்தால பிரிச்சா..."

அவள் நிமிர்ந்தாள். சிரிப்பை அடக்குவதற்கு உதட்டைக் கடிக்க வேண்டியிருந்தது.

"ஒண்டே முக்கால், மாமா."

"கோடியா?" என்றார் முத்தலிப், வாக்குறுதியை மறந்து.

"லட்சம் வாப்பா. மாசத்துக்கு ஒண்டே முக்கால் லட்சம். மாமா சொன்ன ஒண்டே முக்கால் சரிதான். கோடியிலதான் கொஞ்சம் வழுக்கிட்டு." தாளை மடித்தாள். "மிஞ்சுற சம்பளத்தில ஒரு மாசம். அதுதான் நான் கேக்கிற மஹர். வீடு இந்த வீடு. மாடி இல்ல."

றஊப் எழுந்தார். டைல்ஸ் புத்தகமும் எழுந்தது.

"குமரு சபைக்கு வந்து கணக்குக் கேக்கிற வீட்டில சம்பந்தமா? லண்டன் மாப்பிள்ளைக்கு ஊரில பொண்ணா இல்ல?"

அந்த நேரம் பார்த்துக் கேற்றில் ஹார்ன் அடித்தது. பதியுதீன் ஹாஜியார். கக்கத்தில் ஒரு சீலைப் பை, முகத்தில் நல்ல பசி.

முற்றத்துக்கு இறங்கி முத்தலிப் அவரை மறித்தார். உள்ளே இருந்தவர்களுக்கு எல்லாம் கேட்டது. கேட்க வேண்டும் என்றுதான் அவர் கதைத்தார்.

"மன்னிச்சுக்கொள்ளுங்க ஹாஜியார். வயல் விக்கிற இல்ல."

"என்ன முத்தலிப், வில போதாதா? ஏக்கருக்கு ஒரு லட்சம் கூட்டுவம்."

"விலையில குறையில்ல. வாங்கிற ஆளிலயும் குறையில்ல. ஒண்டே முக்கால் கோடி எண்டு ஒருத்தன் எங்கட வீட்டில ஒரு கிழமையாத் தங்கியிருந்தான். அவன் இப்பதான் மவுத்தாப் போனான். இனி வயல விக்கிற தேவை இல்ல."

பிறகு திரும்பினார். படியில் நின்ற றஊப்பை நேரே பார்த்தார். முத்தலிப் யாரையும் நேரே பார்க்கிற ஆள் இல்லை. பார்த்தால் சிரித்துவிடுவார், சிரித்தால் தலையாட்டிவிடுவார். இன்று இரண்டும் வரவில்லை.

"றஊப் தம்பி, என்ட புள்ள கணக்குக் கேக்கும்தான். அண்டைக்குக் கேக்காம தலையாட்டினவன் நான். அது என்ட பிழை, அவள்ட பிழையில்ல. மாடி வேணுமெண்டா மாடியுள்ள வீட்டில பொண்ணு எடுங்க. இந்த வீட்டில ஒரு தட்டும், கணக்குத் தெரிஞ்ச ஒரு பொண்ணும்தான் இரிக்கி. ரெண்டுக்கும் நான் ஒரு கல்லுக்கூடக் கூட்ட மாட்டன், குறைக்கவும் மாட்டன்."

றஊப் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு, அதைத் திருத்தாமலேயே கேற்றைத் தாண்டிப் போனார்.

றுக்ஸானா ஒரு நிமிடம் பிந்தினார். ஸம்றாவின் கையைப் பிடித்து, "தம்பிட கோவம் இஷாத் தொழுகைக்குள்ள ஆறிரும்" என்றார். "நான் மகனுக்கு இப்பயே சொல்லுறன். அவன்ட சம்பளத் துண்டையே ஒங்களுக்கு அனுப்பட்டும். என்ட கணக்க நீங்க நம்ப வேணாம் மகள். அதில இரிக்கிறதப் பாத்து நீங்களே முடிவெடுங்க. மறைக்க எங்களுக்கிட்ட என்ன இரிக்கி?"

மிச்ச வட்டிலப்பம் முழுவதையும் பதியுதீன் ஹாஜியார் சாப்பிட்டார். வயல் கிடைக்காத கவலைக்கு அது கொஞ்சம் நல்லது என்றார்.

•

மஃரிபுத் தொழுகைக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. முத்தலிப் முற்றத்தில் நின்று தன் வீட்டின் தட்டையான கூரையை ரசித்துக்கொண்டிருந்தார். மேலே எழும்புவதற்காக விட்டிருந்த கம்பிகள் நாலு மூலையிலும் நீட்டிக்கொண்டு நின்றன. அதில் ஒன்றில் உண்மையாகவே ஒரு காகம் இருந்தது. வேலப்போடியிடம் நாளைக்கு இதைச் சொல்ல வேண்டும். வரம்பு வழக்கைப் புதுப்பிக்கவும் வேண்டும்.

"வாப்பா."

ஸம்றா தொலைபேசியை நீட்டிக்கொண்டு நின்றாள். அப்ராஸ் அனுப்பியிருந்தான். அங்கே பகல் சாப்பாட்டு நேரம்.

ஒரு சம்பளத் துண்டின் படம். இங்கிலீசு இலக்கங்கள். முத்தலிப்புக்குக் கண்ணாடி இல்லாமல் எல்லாம் எறும்பு. "வாசி மகள்."

"மணித்தியாலத்துக்குப் பன்னிரண்டு பவுண்ட். அது சரி." அவள் விரல் பக்கத்துக் கட்டத்துக்குப் போனது. "மணித்தியாலம், இருவது."

"ஒரு நாளைக்கா?"

"ஒரு கிழமைக்கு."

கீழே அவன் எழுதியிருந்ததை அவள் மெல்ல வாசித்தாள். "'மூணு மாசமா வேலயக் குறைச்சிட்டாங்க. இருவதுதான் தாறாங்க. உம்மாக்குத் தெரியாது, மாமாக்கும் தெரியாது. நீங்க இண்டைக்குக் கணக்குக் கேட்டீங்களாம். ஒங்களுக்குப் பொய்த் துண்டு அனுப்ப மனசு வரல்ல. வேணாமெண்டு சொன்னா எனக்குக் கவலயில்ல. இல்ல, கவலதான். ஆனா விளங்கிக்கொள்ளுவன். உம்மாக்கு மட்டும் சொல்லிராதீங்க.'"

முத்தலிப் கம்பியைப் பார்த்தார். காகம் பறந்துவிட்டிருந்தது.

ஸம்றா பின்னேரம் எழுதிய தாளின் பின்பக்கத்தைத் திருப்பினாள். தொழில் பழக்கம். இருபதைப் பன்னிரண்டால் பெருக்கினால் இருநூற்று நாற்பது. இவ்வளவு சின்னச் சம்பளத்துக்கு வரிகூடப் பிடிக்கவில்லை. செலவு இருநூற்று முப்பது. மிச்சம் பத்து.

அவள் பேனை அங்கேயே நின்றது.

"கிழமைக்குப் பத்துப் பவுண்ட் மிஞ்சினா மாசத்துக்குப் பதினேழாயிரம் ரூபாதான் வரும்" என்றாள். "அப்ப மூணு மாசமா மாமிக்கு மாசம் ஒரு லட்சம் எங்கயிருந்து வாப்பா போகுது?"

முத்தலிப் மகளின் முகத்தில் கோபத்தைத் தேடினார். அது இல்லை. இருந்தது வேறு ஒன்று. பழுத்த வயலில் மழை இருட்டுவதைப் பார்க்கிறபோது அவர் முகத்தில் இருக்குமே, அது.

வீட்டுக்குள் ஆயிஷா உம்மாவின் தொலைபேசி அடித்தது. கொஞ்ச நேரம் சிரித்துக் கதைத்தார். பிறகு அதைக் காதிலிருந்து எடுத்துக்கொண்டே முற்றத்துக்கு வந்தார்.

"இஞ்ச பாருங்க, றுக்ஸானா. ஒங்களோட கதைக்கோணுமாம்."

ஸம்றா தகப்பனின் கையைப் பிடித்தாள். முத்தலிப் தொலைபேசியை வாங்கினார்.

"காக்கா, மகன் துண்ட அனுப்பிட்டானாம். பாத்தீங்களா?" றுக்ஸானாவின் குரல் பகலைவிட இலேசாக இருந்தது. ஒரு பாரம் இறங்கிய பெண்ணின் குரல். "முப்பத்தியேழரை எண்டுதானே போட்டிரிக்கி? நீங்க ஒரு சொல்லுச் சொல்லுங்க, என்ட மனசு ஆறும்."

முத்தலிப் பொய்யே சொல்லாதவர் இல்லை. நெல்லின் ஈரத்தைப் பற்றி ஆலைக்காரர்களிடம் முப்பது வருடமாகச் சொல்லி வருகிறார், அவர்களும் அவரிடம் தராசைப் பற்றிச் சொல்லி வருகிறார்கள். ஆனால் இன்று பின்னேரம் முழுக்க, உண்மைக் கணக்கைச் சொல்லச் சொல்லி ஒரு சபையையே உருட்டிய வீடு இது. அந்தச் சபையில் உண்மையைச் சொன்ன ஒரே ஆள் இந்தப் பெண்தான்.

"ஓம் தங்கச்சி. துண்டு வந்திட்டு" என்றார்.

"அப்ப முப்பத்தியேழரை சரிதானே காக்கா?"

தொலைபேசியில் தலையாட்டினால் யாருக்கும் தெரியாது. ஆனாலும் முத்தலிப் தலையாட்டவில்லை.

(தொடரும்)